கபீப் நுர்மகமெதோவ்: 29 வெற்றிக்கும் மலைக்காற்றுதான் காரணமா?

2025 நவம்பரில் நியூயார்க்கில் இஸ்லாம் மகச்சேவ், கலப்புத் தற்காப்புக் கலைப் போட்டிகளை நடத்தும் யுஎஃப்சியின் இரண்டாவது எடைப்பிரிவிலும் பட்டம் வென்றார். மகச்சேவைப் பற்றிப் பேச்சு எடுத்தால் அடுத்த நிமிடமே அவருடைய அண்ணன் மாதிரி இருந்து வளர்த்த கபீப் நுர்மகமெதோவ் பெயர் வந்துவிடும். ஒரு தோல்விகூட இல்லாமல் 29 போட்டிகள் வென்று, 2020இலேயே கையுறையைக் கழற்றி வைத்தவர். நீலகிரியில் இந்தப் பேச்சு இன்னொரு வாதத்தையும் கூட்டிக்கொண்டு வருகிறது: "அவனும் மலைக்காரன், நாமும் மலைக்காரன். அந்த மூச்சு நமக்கும் இருக்கு."

இதில் கொஞ்சம் உண்மை உண்டு, ஆனால் ரொம்பக் கொஞ்சம். கபீப் ஜெயித்ததில் உயரத்தின் பங்கு சிறியது. பெரிய பங்கு ஒரு பயிற்சிக்கூடத்துக்கும், அதை நடத்திய ஒரு தகப்பனுக்கும், ஒரே எடையில் கூடவே உருண்ட பல பேருக்கும் சேர வேண்டியது. எப்படி என்று அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

முதலில் விளையாட்டு

எம்எம்ஏ என்கிற கலப்புத் தற்காப்புக் கலையில் குத்து, உதை, முழங்கை, மல்யுத்தப் பிடி, மூட்டு முறுக்கு, கழுத்து நெரிப்பு எல்லாமே செல்லும். கண்ணைக் குத்துவது, கடிப்பது, பிறப்புறுப்பில் அடிப்பது, தரையில் கிடப்பவர் தலையில் உதைப்பது செல்லாது. ஒரு ரவுண்டு 5 நிமிடம். பட்டத்துக்கான போட்டி என்றால் 5 ரவுண்டு, சாதாரணப் போட்டி 3. முடிவு பெரும்பாலும் மூன்று வழிகளில் வரும்:

1. நாக்அவுட்: அடியில் ஒருவர் நிலைகுலைவது, அல்லது இனி தாங்க மாட்டார் என்று ரெஃபரி நிறுத்துவது.
2. சப்மிஷன்: பிடியில் மாட்டியவர் கையால் தட்டி "விட்டுவிடு" என்று ஒப்புக்கொள்வது.
3. தீர்ப்பு: நேரம் முடிந்தபின் மூன்று நடுவர்கள் ரவுண்டு வாரியாகப் போட்ட புள்ளிகளைக் கூட்டுவது.

எதிராளியைத் தூக்கியோ காலை வாரியோ தரைக்குக் கொண்டுபோவதுதான் டேக்டவுன். கபீப் கதையில் இந்தச் சொல் திரும்பத் திரும்ப வரும்.

பலரும் குழம்பும் இன்னொரு இடம்: யுஎஃப்சி என்பது விளையாட்டின் பெயர் இல்லை. 1993இல் அமெரிக்காவில் முதல் போட்டியை நடத்திய ஒரு நிறுவனம் அது. கிரிக்கெட்டில் ஐசிசி இருப்பது போல எம்எம்ஏவுக்கு உலகம் முழுக்கச் செல்லும் ஒரே ஆட்சிமன்றம் கிடையாது. ஒலிம்பிக்கிலும் இந்த விளையாட்டு இல்லை. சாம்பியனுக்குத் தரும் பெல்ட்டும் நிறுவனத்துடையதே. யார் யாருடன் மோதுவது என்பதையும் நிறுவனமே முடிவு செய்கிறது. கபீப் மீதான விமர்சனங்களில் பாதி இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

29-0: சுருக்கமாக

கபீப் 1988 செப்டம்பர் 20 அன்று ரஷ்யாவின் தகெஸ்தான் குடியரசில், ஜார்ஜியா எல்லையை ஒட்டிய சுமாதா மாவட்டத்துச் சில்தி கிராமத்தில் பிறந்தார். தந்தை அப்துல்மனாப் பயிற்சியாளர். சோவியத் ராணுவத்தில் உருவான சாம்போ என்கிற மல்யுத்த வகையில் போட்டி வடிவம் ஒன்று இருக்கிறது. அதில் குத்தும் உதையும் உண்டு. அந்தப் பிரிவில் கபீப் 2009, 2010 ஆண்டுகளில் உலகப் பட்டம் வென்றார்.

ரஷ்யா, உக்ரைன் பக்கத்துச் சிறு போட்டிகளில் 16-0 என்ற கணக்கோடு 2012 ஜனவரியில் யுஎஃப்சிக்குள் வந்தார். 2013இல் ஏபெல் ட்ருஹியோவை ஒரே போட்டியில் 21 முறை தரையில் சாய்த்தார். அது அப்போது சாதனை. 2014 ஏப்ரலில் ரஃபேல் டோஸ் அன்ஜோஸை வென்றபின் முழங்கால் காயம், அறுவை சிகிச்சை என்று இரண்டு ஆண்டுகள் போயின. 2018 ஏப்ரல் 7 அன்று அல் ஐயகின்டாவை வென்று லைட்வெயிட் பட்டம். அந்தப் பிரிவின் எல்லை 155 பவுண்டு, அதாவது சுமார் 70.3 கிலோ. அதன்பின் கோனர் மெக்ரெகர், டஸ்டின் போரியே, ஜஸ்டின் கேச்சி ஆகிய மூவரையும் அடுத்தடுத்துச் சப்மிஷனில் முடித்தார். 2020 அக்டோபர் 24 அன்று அபுதாபியில் கேச்சியை வென்ற கையோடு ஓய்வு. 2022இல் யுஎஃப்சியின் புகழ்மன்றத்தில் இடம் கிடைத்தது.

மலைக்காரன் வாதம் எவ்வளவு தூரம் தாங்கும்?

கபீப் பிறந்தது மலையில். வளர்ந்தது? குடும்பம் அவர் சிறுவனாக இருக்கும்போதே சமவெளியில் இருக்கும் கிரோவவுல் கிராமத்துக்கு இறங்கிவிட்டது. அங்கே வீட்டின் கீழ்த்தளத்தைத்தான் தந்தை பயிற்சிக்கூடமாக மாற்றினார். 2001இல் தலைநகர் மகச்கலாவுக்குக் குடிபெயர்ந்தார்கள். 12 வயதில் மல்யுத்தம், 15 வயதில் ஜூடோ, 17இல் மறுபடி தந்தையிடம் சாம்போ.

மகச்கலா காஸ்பியன் கடற்கரையில் இருக்கும் ஊர். காஸ்பியனின் நீர்மட்டம் உலகக் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய 28 மீட்டர் கீழே. ஆக, "மலைக்காற்று வளர்த்த" இந்த வீரர் உருண்டு புரண்டு தொழில் கற்ற ஊர் சென்னையைப் போலவே ஒரு கடற்கரை ஊர்! பிற்காலத்தில் பெரிய போட்டிகளுக்குத் தயாரான அமெரிக்கப் பயிற்சிக்கூடமும் கலிபோர்னியாவின் சான் ஹோசேவில், ஹவியேர் மெண்டெஸிடம்; அதுவும் சமவெளிதான். இடையிடையே மலை முகாம்கள் போனது உண்மை. ஆனால் முகாமுக்குப் போவது வேறு, அங்கேயே வளர்வது வேறு.

அதற்காக உயரமே பொருட்டில்லை என்று சொல்ல முடியாது. இதே சான் ஹோசே கூடத்திலிருந்து ஒரு பாடம் இருக்கிறது. கபீப்புடன் பயிற்சி செய்த கெயின் வெலாஸ்கெஸ் ஹெவிவெயிட் சாம்பியன். களைக்கவே மாட்டார் என்று பெயர் வாங்கியவர். 2015 ஜூனில் மெக்சிகோ சிட்டியில் ஃபப்ரிசியோ வெர்டூமுடன் மோதினார். போட்டிக்குச் சுமார் இரண்டு வாரம் முன்புதான் போய்ச் சேர்ந்தார். வெர்டூமோ அதற்கு வெகுமுன்பே வந்து அந்த உயரத்தில் பழகியிருந்தார். இரண்டாவது ரவுண்டிலேயே வெலாஸ்கெஸுக்கு மூச்சு வாங்கியது, மூன்றாவதில் கழுத்துப் பிடியில் தட்டினார். மெக்சிகோ சிட்டியின் உயரம் சுமார் 2,240 மீட்டர். ஊட்டியின் உயரமும் அதே 2,240தான்.

ஆக, உயரம் என்ன செய்கிறது என்பதைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும்:

1. இந்த உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால், ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தைவிடக் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு குறைவு.
2. அதை ஈடுகட்டச் சிறுநீரகம் எரித்ரோபொய்டின் என்ற ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கிறது; சிவப்பணுக்கள் பெருகுகின்றன. இதற்குச் சில வாரங்கள் பிடிக்கும்.
3. கீழே இறங்கினால் அந்தக் கூடுதல் பலன் சில வாரங்களிலேயே கரைந்துவிடும்.
4. மேலே இருக்கும்போது உச்ச வேகத்தில் பயிற்சி செய்ய முடியாது. உடல் முன்னதாகவே களைக்கும், அதனால் பயிற்சியின் தரம் இறங்கும். "மேலே வாழ், கீழே பயிற்சி செய்" என்று விளையாட்டு மருத்துவர்கள் சொல்வது இதனால்தான்.

நான்காவது விஷயத்தில் நீலகிரிக்கு ஒரு வசதி இருக்கிறது. கோத்தகிரியில் படுத்தெழுந்து, 33 கிலோமீட்டர் இறங்கி மேட்டுப்பாளையத்தில் பயிற்சி செய்துவிட்டுத் திரும்பலாம். இப்படி ஓர் ஏற்பாட்டுக்கு வெளிநாட்டு அணிகள் நிறையச் செலவழிக்கின்றன. இங்கே பஸ் டிக்கெட்டோடு முடிகிறது. கொண்டை ஊசி வளைவுகளில் வயிற்றைப் புரட்டாமல் இருந்தால் சரி.

ஆனால் இதெல்லாம் நுரையீரலுக்கும் ரத்தத்துக்கும் ஆன கணக்கு. கபீப் எதிராளிகளை மூச்சுத்திணற வைத்தது தன் நுரையீரலால் மட்டும் இல்லை.

அவர் உண்மையில் செய்தது என்ன?

தொலைக்காட்சியில் பார்க்கும்போது கபீப்பின் ஆட்டம் பலருக்குச் சலிப்பாக இருக்கும். ஒருவர் மேல் ஒருவர் படுத்திருக்கிறார்கள், அவ்வளவுதானே என்று தோன்றும். வரிசையாகப் பிரித்தால்தான் புரியும்.

1. சுவர். எண்கோணக் கூண்டின் கம்பி வேலியில் முதுகைச் சாய்த்தால் விழாமல் நிற்கலாம் என்பது பல வீரர்களின் நம்பிக்கை. கபீப் அவர்களை அங்கேயே தள்ளிக்கொண்டு போனார். முதுகுக்குப் பின்னால் வேலி என்றால் பின்வாங்க இடமில்லை.

2. சங்கிலி. ஒரு காலைப் பிடிப்பார். எதிராளி அதை விடுவித்தால் அந்த அசைவிலேயே இடுப்புக்கு மாறுவார். அதைத் தடுத்தால் காலை இடறுவார். பர்லியாறு மலைப்பாதையில் லாரிக்குப் பின்னால் மாட்டிய கார் மாதிரிதான் எதிராளியின் நிலை: முந்த இடம் இருப்பது போலத் தெரியும், அதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும்.

3. கால் கட்டு. எதிராளி வேலியில் சாய்ந்து உட்கார்ந்த நிலைக்கு வந்ததும், அவருடைய இரண்டு கால்களையும் தன் கால்களால் முக்கோணமாகப் பின்னிப் பூட்டுவார். எழுந்திருக்க வேண்டுமானால் காலை மடக்கியாக வேண்டும். அது முடியாது.

4. மணிக்கட்டு. எழ முயல்பவர் ஒரு கையைத் தரையில் ஊன்றுவார். கபீப் அந்த மணிக்கட்டை முதுகுக்குப் பின்புறமாகச் சுற்றிப் பிடித்துவிடுவார். ஊன்றிய கை போனதும் மொத்த எடையும் ஒரு பக்கம் சாயும். இப்போது எதிராளிக்கு மிஞ்சியது ஒரு கை, கபீப்புக்கு அடிக்க ஒரு கை. ரசிகர்கள் இதை "தகெஸ்தான் கைவிலங்கு" என்பார்கள்.

5. முடிவு. அடி தாங்காமல் எதிராளி திரும்பினால் முதுகு கிடைக்கும், முதுகு கிடைத்தால் கழுத்து.

2018 அக்டோபர் 6, லாஸ் வேகாஸ். மெக்ரெகருடனான போட்டியில் இந்த ஐந்தையும் பார்க்கலாம். முதல் ரவுண்டு தொடங்கிய சற்று நேரத்திலேயே கபீப் தாழப் பாய்ந்து காலைப் பிடித்தார். மெக்ரெகர் உடனே விழவில்லை, நன்றாகவே தடுத்தார். கபீப் விடாமல் இழுத்துச் சாய்த்து, காலைப் பின்னி, ரவுண்டு முடியும்வரை அங்கேயே வைத்திருந்தார். பெரிய அடி எதுவும் விழவில்லை. ஆனால் மெக்ரெகரின் தோளும் கையும் அந்த ஐந்து நிமிடத்தில் செலவாகிவிட்டன. இரண்டாவது ரவுண்டில், மல்யுத்தத்தையே எதிர்பார்த்துக் கையைத் தாழ்த்தியவருக்கு மேலிருந்து ஒரு வலது கைக் குத்து. குத்துக்குப் பேர்போன மெக்ரெகரைக் குத்தியே சாய்த்தார் கபீப். மூன்றாவது ரவுண்டை நடுவர்கள் மெக்ரெகருக்குக் கொடுத்தார்கள். நான்காவதில் முதுகு, கழுத்து, தட்டல்.

மூச்சு அதிகம் உள்ளவர் ஜெயித்தார் என்று இதைச் சுருக்கினால் பாதியைத் தவறவிடுவோம். எதிராளியின் மூச்சைச் செலவழிக்க வைக்கும் முறை அவரிடம் இருந்தது. அது கைக்கு வந்ததற்குக் காரணம் மலை இல்லை. பன்னிரண்டு வயதிலிருந்து நாள்தோறும் தன்னைப் போன்ற திறமைசாலிகளுடன் உருண்டது. தகெஸ்தானில் மல்யுத்தம் நம்மூர்க் கிரிக்கெட் போலத் தெருத்தெருவாக நடக்கிறது. ஒலிம்பிக்கில் மூன்று தங்கம் வென்ற புவைசார் சைத்தியேவும், இரண்டு தங்கம் வென்ற அப்துல்ரஷீத் சதுலாயேவும் அந்த மண்ணில் உருவானவர்கள்.

கணக்கில் இடிக்கும் இடங்கள்

தோல்வியே இல்லை என்பதால் எல்லாப் போட்டியும் எளிதாக முடிந்தது என்று ஆகாது.

2012 ஜூலையில் க்ளெய்சன் டிபாவ், கபீப்பின் டேக்டவுன் முயற்சி ஒன்றைக்கூடப் பலிக்க விடவில்லை. நடுவர்கள் கபீப் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். டிபாவ்தான் ஜெயித்திருக்க வேண்டும் என்பவர்கள் இன்றும் உண்டு. எனக்கும் அந்தப் போட்டி எந்தப் பக்கமும் போயிருக்கலாம் என்றே படுகிறது.

பட்டம் வந்த விதமும் விசித்திரம். 2018 ஏப்ரலில் மோத வேண்டியவர் டோனி ஃபெர்குசன். முழங்காலில் அடிபட்டு விலகினார். அவருக்குப் பதில் வந்த மேக்ஸ் ஹாலோவே எடைக் குறைப்பின்போது மருத்துவக் காரணத்தால் தடுக்கப்பட்டார். கடைசியில் ஒரே நாள் அவகாசத்தில் வந்தவர் ஐயகின்டா. அவர் எடை 155.2 பவுண்டு. அந்த 0.2 காரணமாக, ஜெயித்தாலும் அவருக்குப் பெல்ட் கிடைத்திருக்காது. ஃபெர்குசனுடனான போட்டி மொத்தம் ஐந்து முறை அறிவிக்கப்பட்டு ஐந்து முறையும் நடக்காமல் போனது. அவற்றில் 2017 மார்ச் தடவை ரத்தானதற்குக் காரணம் கபீப்பே: எடையைக் குறைக்கப் போய் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்.

பட்டத்தைத் தக்கவைத்தது மூன்றே முறை. "எக்காலத்துக்கும் சிறந்தவர்" என்ற பட்டியலில் அவரை முதலிடத்தில் வைக்கத் தயங்குபவர்கள் கையில் எடுப்பது இதைத்தான். அந்தத் தயக்கம் நியாயமானதே. ஆதிக்கத்தின் அளவை வைத்துப் பார்த்தால் கபீப்புக்குப் பக்கத்தில் வருபவர்கள் குறைவு, பட்டத்தோடு நின்ற காலத்தை வைத்துப் பார்த்தால் அவரைவிட நீண்டவர்கள் பலர்.

மெக்ரெகர் போட்டி முடிந்த நொடியில் நடந்ததையும் மறைக்க வேண்டியதில்லை. கபீப் வேலியைத் தாண்டிக் குதித்து மெக்ரெகர் தரப்பு ஆள் மேல் பாய்ந்தார். தன் குடும்பத்தையும் மதத்தையும் நாட்டையும் பல மாதங்கள் இழிவுபடுத்தினார்கள் என்பது அவர் தரப்பு. லாஸ் வேகாஸ் இருக்கும் நெவாடா மாநிலத்தின் விளையாட்டு ஆணையம் ஒன்பது மாதத் தடையும் 5 லட்சம் டாலர் அபராதமும் விதித்தது. மெக்ரெகருக்கு ஆறு மாதம், 50,000 டாலர்.

ஏன் நிறுத்தினார், என்ன விட்டுச் சென்றார்?

2020 ஜூலை 3 அன்று அப்துல்மனாப் கொரோனா தொற்றைத் தொடர்ந்த சிக்கல்களால் இறந்தார். நான்கு மாதத்துக்குள் கேச்சியை வென்றபின், தந்தை இல்லாமல் இனி மோத மாட்டேன் என்று அம்மாவுக்கு வாக்குக் கொடுத்ததாகக் கபீப் கூண்டுக்குள்ளேயே சொன்னார். யுஎஃப்சி தலைவர் டேனா ஒயிட் பல மாதம் கேட்டுப் பார்த்தார். 2021 மார்ச்சில் பட்டம் முறைப்படி காலியானது.

அவருடைய தாக்கம் பெரிதாகத் தெரிவது அதற்குப் பிறகுதான். 2022 அக்டோபரில் மகச்சேவ் அதே லைட்வெயிட் பட்டத்தை வென்றார். அடுத்த மாதமே உறவினர் உஸ்மான் நுர்மகமெதோவ் பெல்லட்டார் என்ற போட்டி நிறுவனத்தின் பட்டத்தை எடுத்தார். 2024இல் அதற்கு அடுத்த மேல் எடைப்பிரிவான வெல்டர்வெயிட்டில் யுஎஃப்சி பட்டம் வென்ற அமெரிக்கர் பெலால் முகமதுவும் இந்தக் குழுவோடு பயிற்சி எடுத்தவர். "இரண்டு மூன்று வருஷம் தகெஸ்தானுக்கு அனுப்பிவிட்டு மறந்துவிடு" என்று கபீப் சொன்னது இணையத்தில் கேலியாகவும் கட்டளையாகவும் சுற்றுகிறது. அந்த இரண்டு மூன்று வருஷத்தில் அங்கே கிடைப்பது ரகசிய வித்தை எதுவும் இல்லை. காலை, மாலை இரண்டு வேளையும் உங்களைத் தூக்கிப் போடத் தெரிந்த இருபது பேர் கிடைப்பார்கள்.

நீலகிரிக்கு இதில் என்ன இருக்கிறது?

இந்தியாவிலும் ஒரு மலைக்காரர் முயன்றிருக்கிறார். உத்தராகண்டின் அன்ஷுல் ஜூப்லி 2023 பிப்ரவரியில் தகுதிச் சுற்றுத் தொடரை வென்று யுஎஃப்சி ஒப்பந்தம் பெற்றார். அதன்பின் 2023 அக்டோபரிலும் 2025 பிப்ரவரியிலும் நாக்அவுட்டில் தோற்றார். பூஜா தோமர் 2024 ஜூனில் யுஎஃப்சியில் வென்ற முதல் இந்தியப் பெண் ஆனார். அவர் வந்தது வூஷு என்ற சீனத் தற்காப்புக் கலை வழியாக. அதாவது அடிப்படையில் ஒரு விளையாட்டு ஆழமாக இருந்தது, எம்எம்ஏ அதற்கு மேல் ஏறியது. கபீப்புக்கும் அதுவே வரிசை.

குன்னூர், ஊட்டி, கூடலூர்ப் பக்கம் பிள்ளையை எம்எம்ஏ வகுப்பில் சேர்க்க நினைக்கும் பெற்றோர் கவனிக்க வேண்டியவை இவை.

1. முதலில் ஜூடோ அல்லது மல்யுத்தம். இரண்டும் பள்ளி விளையாட்டுப் போட்டிகளில் இருக்கின்றன, சான்றிதழுக்கும் மதிப்பு உண்டு. எம்எம்ஏவுக்கு அந்த ஏணி இங்கே இன்னும் கட்டப்படவில்லை.

2. எடைக் குறைப்பு. கபீப் போட்டி இல்லாத நாட்களில் 80 கிலோவுக்கு மேல் இருப்பார். எடை பார்க்கும் நாளில் 70.3. இந்த இடைவெளியின் கடைசிப் பகுதி உடலிலிருந்து பிழிந்தெடுத்த நீர். 2015இல் யாங் ஜியான் பிங் என்ற 21 வயதுச் சீன வீரர் மணிலாவில் இப்படி எடை குறைக்கும்போதே இறந்தார். அதன்பிறகுதான் ஒன் சாம்பியன்ஷிப் நிறுவனம் உடலின் நீர்ச்சத்தைச் சோதிக்கும் விதியைக் கொண்டுவந்தது. மலையில் இந்த ஆபத்து இன்னும் கூடுதல். ஜனவரி உறைபனிக் காலத்தின் காய்ந்த காற்றில் மூச்சு வழியாகவே நீர் போகும், தாகம் எடுக்காது, வியர்க்கவில்லை என்று ஜெர்க்கினுக்கு மேல் பிளாஸ்டிக் உறையைச் சுற்றிக்கொண்டு ஓடத் தோன்றும். பதின்ம வயதில் இதை எந்தக் கோச் சொன்னாலும் அந்த வகுப்பை மாற்றிவிடலாம்.

3. தலை. பயிற்சியில் முழு வேகத்தில் தலையில் அடிக்கவிடும் இடம் பிள்ளைகளுக்கானது இல்லை. கபீப்பின் கூடத்தில் நேரத்தின் பெரும்பகுதி பிடியிலும் புரளலிலும்தான் போனது.

4. கூட உருள ஆள். கடினமானது இதுதான். 2011 கணக்கெடுப்பில் நீலகிரி மாவட்ட மக்கள்தொகை சுமார் 7.35 லட்சம், தகெஸ்தானில் 30 லட்சத்துக்கும் மேல். அங்கே பெரும்பகுதி ஊர்களில் மல்யுத்தக் கூடம் உண்டு. இங்கே முத்தநாடு மந்தில் இளவட்டக்கல் தூக்கும் தோடர் இளைஞர்களைப் பார்த்தால் உடல் வலுவுக்குக் குறைவில்லை என்று தெரியும். கல் திருப்பித் தடுக்காது என்பதுதான் பிரச்சினை. ஒரே எடையில், ஒரே ஆர்வத்தில் பத்துப் பேர் ஓர் ஊரில் கிடைக்க மாட்டார்கள். பந்தலூரில் இரண்டு பேர், கோத்தகிரியில் மூன்று பேர் என்று சிதறித்தான் இருப்பார்கள். அவர்களை வாரத்துக்கு ஒருமுறையாவது ஒரே பயிற்சி விரிப்பில் (மேட்) சேர்க்க வேண்டும். கூடலூரிலிருந்து ஊட்டிக்கு மட்டும் ஒரு வழி 50 கிலோமீட்டர். மேட் ஒருமுறை வாங்கினால் பல வருடம் வரும். பஸ் செலவும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் வாராவாரம் போகும், அதை யார் ஏற்றுக்கொள்வது என்பதைத்தான் முதலில் பேசி முடிக்க வேண்டும்.